விவரணக் கோப்பும் நிரல் இயற்றும் பொறியும்

கோவில்பட்டியினின்று தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிக்கொண்டு லாரியொன்று பஞ்சாபுக்குப் புறப்படுகின்றது என்று கொள்வோம். பண்டல் ஒன்றுக்கு 600 தீப்பெட்டி என்பது நம் பக்கத்தார் அறிந்ததே. முன்னாளில் அச்சரக்குடன் செல்ல வேண்டியது, கணக்குப்பிள்ளை கார்பன் தாள் வைத்து எழுதிய பில் ஒன்றே. இந்நாளிலோ, 2017–18 முதலாக ஏதேனும் ஓராண்டில் 5 கோடி ரூபாய் விற்றுமுதலைக் கடந்த வணிகர் பிறிதொரு வணிகருக்குச் சரக்கு விற்பாராயின், அந்தப் பில் முதற்கண் ஜி.எஸ்.டி. பில் பதிவுத் தளத்துக்குச் சென்று, அங்கே பதிவாகி, 64 எழுத்து நீளமுள்ளதொரு பதிவெண்ணைப் பெற்று மீளுதல் வேண்டும். இவ்வேற்பாடு 2020 அக்டோபர் 1ஆம் நாளன்று 500 கோடிக்கு மேற்பட்டாரிடம் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டு 1ஆம் நாளன்று 5 கோடிக்கு மேற்பட்டாரையும் தழுவிற்று. பதிவெண் பெற வேண்டிய பில் அதனைப் பெறாதாயின் சட்டப்படி பில்லே ஆகாது. அதனைக் கொண்டு சரக்கு வாங்கியவர் தாம் செலுத்திய வரிக்கு உள்ளீட்டு வரவு கோர இயலாது. வரவு கிட்டாதவர் பணம் அனுப்பத் தாமதிப்பார். பணம் தாமதித்தால் வாரக் கூலி தடைப்படும். பில்லின் வடிவிலே நேரும் ஓரெழுத்துப் பிழையின் பயன் இத்துணைத் தூரம் செல்லும். அப்பிழை நேராவண்ணம் காப்பதொரு கருவியைப் பற்றியும், அக்கருவி காவாது விடும் இடங்களைப் பற்றியும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இதில் உரையாடுவன இரண்டு கணினிகள். தொழிற்சாலை அலுவலகத்திலுள்ள பில் நிரல் பணி கேட்பது. அதனைக் கிளையண்ட் என்பர். தேசியத் தகவலியல் மையம் நடத்தும் பதிவுத் தளம் அப்பணியைச் செய்து விடை தருவது. அதனைச் சர்வர் என்பர். இவ்விரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் கையாண்ட கணினி மொழி ஒன்றாகவும் மற்றவர் கையாண்டது வேறொன்றாகவும் இருக்கலாம். முகமறியா இருவர் வாணிகம் செய்ய வேண்டுமாயின் பத்திரம் எழுதிக்கொள்ளுதல் உலக வழக்கு. இங்கு அப்பத்திரத்தின் நிலையில் நிற்பதே இடைமுக விவரணக் கோப்பு. எந்த முகவரியில் எந்தப் பணியைக் கேட்கலாம், கேட்குங்கால் எவ்வெச் செய்திகளை அனுப்புதல் வேண்டும், அவற்றுள் எஃது எண், எஃது எழுத்துத் தொடர், எது கட்டாயம், எது விருப்பம், விடை எவ்வடிவில் வரும், மறுப்பு எவ்வடிவில் வரும் என்பனவெல்லாம் அதன்கண் வரையப்பட்டிருக்கும். மனிதர் படிக்கும் விளக்கநூலினின்று இது வேறுபடுவது யாதெனின், கணினியும் படித்தறியத் தக்க கட்டுப்பாடான நடையில் எழுதப்படுவதே.

தீப்பெட்டிப் பில்லையே உதாரணமாகக் கொண்டு காண்போம். 2020 ஜூலை 30ஆம் நாளைய அறிவிக்கை திருத்தி வெளியிட்ட படிவத்தின்படி, ஒரு பில்லில் ஆவண விவரம், விற்பவர் விவரம், வாங்குபவர் விவரம், சரக்கு வரிசை, மொத்த மதிப்பு எனப் பகுதிகள் பல உள. விற்பவர் பகுதியிலே 15 எழுத்துக்கொண்ட ஜி.எஸ்.டி. எண், பெயர், ஊர், அஞ்சற் குறியீடு, மாநிலக் குறியீடு ஆகிய கட்டங்கள் உண்டு. கோவில்பட்டியாருக்கு அஞ்சற் குறியீடு 628501. தமிழ்நாட்டின் குறியீடு 33. சரக்கு வரிசையிலே தீப்பெட்டிக்குரிய வகையெண் 3605 எனத் தொடங்கும். அதன் பின்னர் அளவு, அலகு, விலை, வரி என்பன வரும். அலகு என்னும் கட்டத்திலே பண்டலுக்கு உரிய மூன்றெழுத்துக் குறியை இடுதல் வேண்டும். கட்டாயமானவற்றையும் விருப்பமானவற்றையும் சேர்த்தெண்ணின் கட்டங்கள் நூற்றுக்கு மேற்படும். இவ்வடிவத்தை ஜேசன் ஸ்கீமா என்னும் விவரண நடையிலே மையத்தார் வெளியிட்டுள்ளனர்.

இவற்றையெல்லாம் ஒருவர் கையாலேயே நிரலாக எழுதுதல் அரிதன்று, அலுப்புத் தருவது. பகுதிதோறும் ஒரு வகுப்பு, கட்டந்தோறும் ஒரு மாறி, அவற்றை ஜேசன் வடிவுக்கு மாற்றும் வரிகள், விடையைத் திரும்பப் பிரித்துப் படிக்கும் வரிகள் என்று ஒரே மாதிரியான வரிகள் நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கும். அலுப்புள்ள இடத்திலே பிழை புகும். கட்டத்தின் பெயரில் ஓரெழுத்து மாறிவிட்டால், நிரலைச் சோதிக்கும் கம்பைலர் அதனைக் கண்டுகொள்ளாது. அதற்கு அஃது ஒரு பெயர், அவ்வளவே. பிழை வெளிப்படுவது லாரி புறப்படும் மாலையிலே, சர்வர் பில்லை மறுக்கும்போதுதான்.

ஒரே மாதிரியான வேலையைப் பொறியிடம் ஒப்படைத்தல் நம் ஊராருக்குப் புதிதன்று. விவரணக் கோப்பைத் தந்தால் அதிலிருந்து கிளையண்ட் நிரலைத் தானே எழுதித் தரும் பொறியும் அத்தகையதே. அஃது எங்ஙனம் எழுதுகின்றது? முதலில் கோப்பை வரி வரியாகப் படித்து, அதன் இலக்கணம் சரியா என்று நோக்கும். ஓரிடத்தில் வரையப்பட்ட பகுதியை வேறோரிடம் சுட்டிநிற்பின் அச்சுட்டைத் தொடர்ந்து சென்று இணைக்கும். முகவரி என்னும் ஒரு பகுதியை விற்பவரும் வாங்குபவரும் பகிர்ந்துகொள்வது போல. பின்னர் விவரணத்திலுள்ள இனங்களை, நாம் விரும்பும் மொழியின் இனங்களாக மாற்றும். ஈற்றில், முன்னரே அமைத்து வைத்த அச்சுப்படிவங்களின் வெற்றிடங்களில் இப்பெயர்களையும் இனங்களையும் நிரப்பி, கோப்புகளாக எழுதிவிடும். கலியாணப் பத்திரிகை அச்சிடுவோர் வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மணமக்கள் பெயரையும் நாளையும் மாத்திரம் மாற்றுவர் அன்றோ? அதனினும் சூழ்ச்சி மிக்கதன்று இது. ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் என்னும் பொறி கையாளும் படிவங்கள் மஸ்டாஷ் என்னும் எளிய நடையில் எழுதப்பட்டவை. மாணவர் எவரும் திறந்து படிக்கலாம். இங்ஙனம் பொறி எழுதித் தந்தபின், பில் நிரல் எழுதுவோர் “இந்தப் பில்லைப் பதிவு செய்” என்று ஒரு வரி எழுதினாற் போதும். வேலை தொலைவிலே நடப்பினும், தம் நிரலிலேயே உள்ளதொரு சார்பை அழைப்பது போன்றே அவருக்குத் தோன்றும்.

இக்கருத்தின் வரலாறு சுவையுடையது. தொலைவிலுள்ள கணினியின் சார்பை அருகிலுள்ளது போல் அழைக்கும் முறையைப் புரூஸ் நெல்சன் என்பார் 1981ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சி நூலிலே விரித்துரைத்தார். அவரும் ஆண்டுரு பிரெல் என்பாரும் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் அதனைச் செயற்படுத்தி 1984இல் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் அமைப்பிலேயே, இடைமுக விவரணத்தைப் படித்து இருபுறத்து நிரலையும் எழுதும் லூபைன் என்னும் பொறி இருந்தது. ஆகவே நிரல் எழுதும் பொறி இன்று நேற்றுத் தோன்றியதன்று. பின்னர்ச் சன் நிறுவனத்தாரும், 1991இல் கோர்பா என்னும் ஏற்பாட்டை வகுத்தோரும் தத்தம் விவரண மொழிகளை அமைத்துக்கொண்டனர்.

வலைச் சேவைகளுக்கென்று டபிள்யூ.எஸ்.டி.எல். என்னும் விவரண மொழி 2001 மார்ச்சு 15ஆம் நாள் வெளிவந்தது. அதன் ஆசிரியர் நால்வருள் ஒருவர் சஞ்சீவ வீரவரண என்னும் இலங்கையர், அக்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தவர். அவர் பின்னர்த் தாயகம் திரும்பினார். அந்த மொழியைப் படித்து ஜாவா நிரல் எழுதும் கருவியையும் தன்னுள் கொண்ட அப்பாச்சி ஆக்சிஸ்2 என்னும் கட்டற்ற மென்பொருளின் வேலை 2004இல் தொடங்கியபோது, அதிற் பெரும்பங்கு கொழும்பிலே இலங்கை இளைஞர்களால் நடந்தது. 2005இல் அவர் தம் தோழர்களுடன் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2006இல் ஆக்சிஸ்2 முதற் பதிப்பாக வெளிவந்தது. உலகெங்கும் வங்கிகளும் அரசாங்கங்களும் பயன்படுத்தத் தக்க கருவி, நம் தூத்துக்குடிக்கு எதிர்க்கரையிலே உருவாயிற்று. நம் கரிசற் பகுதியைச் சேர்ந்த ஓட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனி கண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதை நாம் ஆண்டுதோறும் மேடையிற் பேசுகின்றோம். அக்கரையில் இருபதாண்டுக்கு முன் இளைஞர் சிலர் செய்த இவ்வேலையை நம் மாணவருட் பலர் கேள்வியுற்றிரார்.

டபிள்யூ.எஸ்.டி.எல். சொற்பெருக்கம் மிக்கது, மனிதர் படிக்கச் சலிப்புத் தருவது. ஆதலின் எளிய விவரணம் ஒன்று வேண்டப்பட்டது. வேர்ட்னிக் என்னும் அகராதித் தளத்தில் பணிபுரிந்த டோனி டாம் தொடங்கிய ஸ்வாகர் என்பது 2011இல் வெளிவந்து, 2015இல் பொது அமைப்பொன்றின் கைக்கு மாறி, ஓப்பன்ஏபிஐ எனப் பெயர் பெற்றது. அதன் மூன்றாம் பதிப்பு 2017இல் வந்தது. நம் நாட்டில் ஒருவருடைய வங்கிக் கணக்குச் செய்திகளை அவர் இசைவின்பேரில் பகிரும் கணக்குத் திரட்டி ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் வகுத்த விவரணங்களும் இந்நடையினவே.

நிற்க. பொறி எழுதியது என்ற காரணத்தால் நிரல் பிழையற்றது என்று கருதுதல் தவறு. பொறி, விவரணத்தில் உள்ளதை உள்ளவாறு எழுதும். விவரணம் பிழையாயின் அப்பிழையையும் சலியாது, தவறாது, எல்லா இடத்தும் எழுதும். பஞ்சாபு லாரிக்கே மீள்வோம். அரசாங்கத்தின் விவரணத்திலே அஞ்சற் குறியீடு எண்ணாகவும், மாநிலக் குறியீடு எழுத்துத் தொடராகவும் வரையப்பட்டுள்ளன. இரண்டும் இலக்கங்களே, இவ்வேறுபாடு எதற்கு என்று ஒரு மாணவர் வினவலாம். இந்திய அஞ்சற் குறியீடு எதுவும் சுழியத்தில் தொடங்குவதில்லை. ஆகலின் அதனை எண்ணாகக் கொள்வதால் நட்டமில்லை. மாநிலக் குறியீடோ, பஞ்சாபுக்கு 03, தில்லிக்கு 07, இராசத்தானத்துக்கு 08. இதனை எண் என்று கொண்டால் 03 என்பது 3 ஆகிவிடும். முன்னின்ற சுழியம் வழியிலே உதிர்ந்துபோம்.

மூல விவரணத்தை நேரே எடுத்தாளுவோருக்கு இவ்விடர் இல்லை. ஆயின், மூலத்தைத் தேடாது, கையிலுள்ள சில பில்களைப் பார்த்துத் தாமே ஒரு விவரணம் எழுதிக்கொள்ளுவாரும் உளர். தமிழ்நாடு 33, கேரளம் 32, கருநாடகம் 29 என்ற பில்களையே கண்டவர் அதனை எண் என்று எழுதிவிடுதல் இயல்பு. அந்நிரல் மாதக் கணக்கில் குறையின்றி ஓடும். வடநாட்டுக்கு முதற் சரக்கு புறப்படும் நாளில்தான் மறுப்பு வரும். அன்று நிரல் எழுதியவர் ஊரிலிருப்பார் என்பதற்கு உறுதி யாது?

நாளுக்கும் இவ்வாறே. ஓப்பன்ஏபிஐ நடையில் ஒரு கட்டத்தை ‘தேதி’ என்று வரைந்துவிட்டால், ஆண்டு முதலிலும் மாதம் இடையிலும் நாள் கடையிலுமாக, இடையே சிறுகோடிட்டு எழுதுவதே பொருள். பொறியும் அங்ஙனமே நிரல் எழுதும். பில் பதிவுத் தளமோ நாள், மாதம், ஆண்டு என்னும் வரிசையில் சாய்கோடிட்டு எழுதியதையே ஏற்கும். ஆகவே அதனைத் தேதி என்னாது, குறித்த வடிவுடைய எழுத்துத் தொடர் என்றே வரைதல் வேண்டும்.

பணத்தின் செய்தி இதனினும் நுட்பமானது. கணினியின் இருமக் கணக்கில் பத்துப் பைசாவாகிய 0.10 என்பதைத் துல்லியமாக எழுத இயலாது, ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதை மாணவர் தாமே செய்து பார்க்கலாம். பின்ன எண் என்று மாத்திரம் விவரணம் கூறின், ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் ஜாவா மொழியில் துல்லியமான பதின்ம இனத்தைத் தேர்ந்துகொள்ளும். ‘டபிள்’ என்று சேர்த்து வரைந்துவிட்டாலோ இருமப் பின்னத்தையே கையாளும். விவரணத்தில் ஒரு சொல் மிகுவதால் வரிக் கணக்கில் பைசா பிறழக்கூடும்.

இனி, விவரணம் சரியாகக் கூறியும் பொறி கேளாது விடும் இடமும் உண்டு. பில் எண் 16 எழுத்துக்கு மேற்படலாகாது. சுழியத்திலோ, சாய்கோட்டிலோ, சிறுகோட்டிலோ தொடங்கலாகாது என்பது விதி. 001 என்று ஆண்டுதோறும் முதற் பில் எழுதும் வழக்கமுள்ள கடைக்காரர் பலர் நம்மிடையே உள்ளமையின், இவ்விதி வெற்றுவிதியன்று. இதனை விவரணத்திலே ஓர் அமைப்பு வாய்பாடாக எழுதலாம். ஆயின் அவ்வாய்பாட்டைக் கொண்டு, அனுப்புமுன்னரே பில்லைச் சோதிக்கும் வரிகளைச் சில பொறிகள் எழுதும், சில எழுதா, சில, நாம் விருப்பக்குறி ஒன்றை இட்டாலன்றி எழுதா. பொறியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் நோக்க வேண்டுவது இதனையே என்பது என் கருத்து. எத்தனை மொழிகளில் எழுதும் என்ற பெருமை அதற்குப் பிற்பட்டது.

மற்றொன்று உறையும் கடிதமும் பற்றியது. மையத்தின் தளத்தை நேரே அணுகுவோர் பில்லை அப்படியே அனுப்புதல் இயலாது. முதலில் தம்மை அறிவித்துக்கொண்டு நுழைவுச் சீட்டும் மறைதிறவியும் பெறுதல் வேண்டும். பின்னர் அத்திறவியால் பில் முழுவதையும் மறைபொருளாக்கி, ‘டேட்டா’ என்னும் ஒரே கட்டத்தில் இட்டு அனுப்புதல் வேண்டும். அப்படியாயின், வெளியே தெரியும் வேண்டுகோளை மாத்திரம் விவரணமாக எழுதிப் பொறியிடம் தந்தால், பொறிக்குத் தெரிவது யாது? ஒரு கட்டம், அதனுள் நீண்டதோர் எழுத்துத் தொடர், அவ்வளவே. நூறு கட்டமுள்ள பில் அதன் பார்வைக்கு வாராது. இதனை உணராதவர், பொறி எழுதித் தந்த இரண்டு பக்க நிரலைக் கண்டு, வேலை இவ்வளவு எளிதா என்று மகிழ்வதும், பின்னர் வருந்துவதும் உண்டு. செய்யத் தக்கது, உள்ளிருக்கும் பில்லின் வடிவத்தை ஜேசன் ஸ்கீமாவினின்று பொறியைக் கொண்டு இயற்றுவதும், மறைத்தல், சீட்டுப் பெறுதல், சீட்டின் காலம் முடிந்தால் மீண்டும் பெறுதல் ஆகிய உறை வேலையைத் தாமே கையால் எழுதுவதுமாகும். முதலாவது எத்துணை நீளமாயினும் பொறிக்குரியது. இரண்டாவது எத்துணைச் சிறிதாயினும் சிந்தனைக்குரியது.

வடிவம் சிறிதும் மாறாமலே விதி மாறுதலும் உண்டு. 2025 ஏப்பிரல் 1 முதல், 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் 30 நாளுக்கு மேற்பட்ட பழைய பில்லைப் பதிவு செய்தல் இயலாதாயிற்று. அவ்வாண்டு ஜூன் 1 முதல், பில் எண்ணிலுள்ள ஆங்கில எழுத்துக்களின் சிறுமை பெருமை பாராது, எல்லாவற்றையும் பேரெழுத்தாகவே தளம் கொள்ளத் தொடங்கிற்று. இவ்விரண்டினாலும் கட்டம் ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. விவரணத்தினின்று நிரலை மறுபடி இயற்றினாலும் முன்போலவே வரும். ஆயின், சிற்றெழுத்தில் ஒரு வரிசையும் பேரெழுத்தில் ஒரு வரிசையுமாக எண்ணிட்டு வந்த கடைக்கு, வேறு வேறாயிருந்த இரண்டு பில்கள் ஒன்றாகிவிடும். அன்றியும், அலகு பண்டல் என்றும் அளவு 100 என்றும் இட்டால், உள்ளே அறுநூறு அறுநூறாகத் தீப்பெட்டி உண்டா என்பதைச் ஸ்கீமா அறியாது. பருத்திப் பேலுக்கும் கடலைமிட்டாய்ப் பெட்டிக்கும் இதுவே நிலை. வடிவத்தைக் காப்பது பொறி. பொருளைக் காப்பது பில் எழுதுவோர் கடன்.

இத்தொழிலுக்குச் செல்லும் நம் மாணவர்க்குப் பழக்கத்திலே வேண்டுவன சில கூறுதும். பொறி எழுதிய கோப்பைக் கையால் திருத்துதல் ஒருபோதும் கூடாது. அவசரத்துக்கு ஒரு வரி மாற்றினால் அன்று வேலை நடக்கும். அடுத்த முறை விவரணம் மாறிப் பொறியை ஓட்டியவுடன் அத்திருத்தம் அழிந்துபோம், ஏன் திருத்தினோம் என்பதும் எவர்க்கும் நினைவிராது. ஆகவே பொறி எழுதியதைத் தனி அடுக்கில் வைத்து, தம் நிரலுக்கும் அதற்கும் இடையே மெல்லியதொரு அடுக்கைத் தாமே எழுதிக்கொள்ளுதல் நலம். விவரணக் கோப்பையும் பொறியின் பதிப்பெண்ணையும் நிரலுடன் சேர்த்தே காத்தல் வேண்டும். புதிய விவரணம் வரும்போது பழையதுடன் வரிக்கு வரி ஒப்பிட்டால், எந்தக் கட்டம் கட்டாயமாயிற்று என்பது உடனே விளங்கும். ஊரில் இருவர் மூவர் கூடி நடத்தும் சிறிய மென்பொருட் கடையார், பல தொழிற்சாலைகளுக்குப் பில் நிரல் எழுதித் தருவாராயின், மாற்றம் ஒவ்வொன்றையும் ஒவ்வோரிடமாகச் சென்று கையாற் செய்வதினின்று அவரை மீட்பது இப்பழக்கமே. ஒன்றிரண்டு பணிகளே உள்ள சேவைக்குப் பொறியை நாடாமல் கையால் எழுதுதலே எளிது என்பதையும் மறைத்தற்கில்லை. பொறி எழுதுவது பெரும்பாலும் பருத்திருக்கும். கற்கும் மாணவர் முதற் கிளையண்டைக் கையாலேயே எழுதிப் பார்த்தல் வேண்டும் என்பேன். அப்போதுதான் பொறி எழுதியதைத் திறந்து படிக்குங்கால் எந்த வரி எதற்கு என்று புலப்படும்.

மையத்தார் மெய்யான பதிவுத் தளத்துடன், சோதனைக்கென்றே வேறொரு தளமும் வைத்துள்ளனர். அங்கே சரியான பில்லை அனுப்பிப் பதிவெண் வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாமல், மாநிலக் குறியீட்டை 3 என்று இட்டும், நாளைத் தலைகீழாக எழுதியும், பில் எண்ணைச் சுழியத்தில் தொடங்கியும், ஏற்கெனவே பதிந்த பில்லை மறுபடியும் அனுப்பிப் பார்த்தல் வேண்டும். மறுப்பு எவ்வடிவில் வருகின்றது, தம் நிரல் அதனைப் பில் போடும் குமாஸ்தாவுக்கு விளங்கும் தமிழிலே காட்டுகின்றதா, அன்றி வெறும் எண்ணொன்றைக் காட்டி நின்றுவிடுகின்றதா என்பதை, லாரி வாசலுக்கு வருமுன் அங்கே கண்டுகொள்ளலாம்.